மருந்தே காணாத கன்றுக்கு மருந்து ஏன் கேட்பதில்லை?

வவுனியாவில் எட்டு மாடு வைத்திருக்கும் என் சித்தியின் மகன் ஒரு நாள் விடியக் காலையிலேயே கோல் எடுத்தான். "அக்கா, பத்து நாள் கண்டு. கழிச்சல் நிக்கேல்லை. டெட்ராசைக்ளின் ஊசி போட்டும் கேக்கேல்லை. இதுக்கு முன்னம் ஒரு மருந்தும் காணாத கண்டுக்கு மருந்து எப்பிடி அக்கா பழகிப்போகும்?"

நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் மனிதரின் சிறுநீர், சளி மாதிரிகளிலிருந்து பற்றீரியாவை வளர்த்துப் பார்ப்பவள். 'மருந்து பழகிப்போச்சு' என்ற பேச்சு வெள்ளவத்தை பாமசிகளிலும் அடிக்கடி காதில் விழும். பழகிப்போவது உடம்பு இல்லை. உடம்புக்குள் இருக்கும் பற்றீரியாவில் மருந்துக்குச் சாகக்கூடியவை செத்துப்போக, தப்பியவை அந்த இடத்தை நிரப்புகின்றன. ஈ.கோலை பற்றீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு பகல் போதும், தப்பிய ஒன்று கோடிகளாகிவிடும்.

என் மேசைக்கு வரும் தட்டில் இதைக் கண்ணால் காணலாம். வைக்கோல் நிற ஏகார் ஜெல்லி மேல் பற்றீரியாவைப் பூசி, மருந்து ஊறிய 6 மில்லிமீற்றர் கடதாசி வில்லைகளை வைத்து, இரவு முழுக்க உடம்புச் சூட்டில் விடுவோம். காலையில் தட்டு முழுக்க மெல்லிய சாம்பல் படலம் படர்ந்திருக்கும். மருந்து கேட்ட வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் விழும். கேளாத வில்லையின் விளிம்பு வரைக்கும் படலம் வந்து ஒட்டி நிற்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த விளிம்பைக் காணும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

கன்றுக்கு வருவோம். பிறக்கும்போது அதன் குடலில் பற்றீரியா இல்லை என்றே சொல்லலாம். சில மணி நேரத்தில் தாயின் சாணி, கொட்டில் தரை, பால் வாளி எல்லாவற்றிலிருந்தும் அவை குடியேறும். முதலில் வந்து பெருகுவதில் ஈ.கோலை முக்கியமானது. ஆகவே கன்று மருந்தைக் காணாவிட்டாலும், அந்தக் கொட்டில் பல வருடமாகக் கண்ட மருந்துகளின் சுவடு முதல் நாளே அதன் வயிற்றுக்குள் போய்விடுகிறது. தாய் மாடுகளை விடச் சில வாரக் கன்றுகளிடமே மருந்துக்கு அடங்காத ஈ.கோலை அதிகம் என்பது பல நாட்டுப் பண்ணைகளில் கண்ட உண்மை. கன்று வளர, வேறு பற்றீரியா வகைகள் வந்து நெருக்க, அவை குறைந்துபோகும்.

தம்பியிடம் ஒன்று கேட்டேன். மடிவீக்கத்துக்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை என்ன செய்கிறாய்? "விக்கேலாது தானே அக்கா, கண்டுகளுக்கு ஊத்துவம்." உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது, ஏழை விவசாயிக்கு லீற்றர் கணக்கில் பாலைக் கொட்ட மனம் வருமா? ஆனால் அந்தப் பாலில் மருந்து கொஞ்சமாக எஞ்சியிருக்கும். காய்ச்சினால் பற்றீரியா சாகும், மருந்து முழுதாக அழியாது. கழிச்சலைக் குணமாக்கப் போதாத அந்த அளவு, தப்பிக்கத் தெரிந்த பற்றீரியாவை மட்டும் வளர்த்துவிடப் போதும்.

தப்பிக்கும் வழிகள் பல. சில பற்றீரியா பெனிசிலினின் முக்கிய வளையத்தை நொதியால் அறுக்கும். சில, உள்ளே வந்த டெட்ராசைக்ளினைப் பம்பி போல வெளியே இறைக்கும். இந்த வித்தைகளுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் சாவிக்கொத்துப் போலச் சேர்ந்து கிடக்கும். ஒரு பற்றீரியா அதன் நகலைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வயிற்றுளைவுப் பற்றீரியாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையில் இது நடப்பதைக் காட்டினார்கள். கொத்தில் ஒரு சாவிக்குத் தேவை இருந்தால் மற்றவையும் கூடவே நிலைக்கும். டெட்ராசைக்ளின் மட்டும் கொடுத்த கொட்டிலில் வேறு மருந்துகளும் தோற்பது இதனால்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது இன்னும் கவலை தருகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், சல்பா, டெட்ராசைக்ளின் மூன்றுக்கும் அடங்காத ஓர் ஈ.கோலை வகை, மருந்து இல்லாத கன்றுகளிலும் செழித்தது. அந்த எதிர்ப்பு மரபணுக்கள் அதற்கு வேறு அனுகூலம் எதுவும் தரவில்லை. அது கன்றின் குடலுக்கே நன்றாகப் பொருந்திய வகை. மரபணுக்கள் அதன் முதுகில் ஏறி வந்தன. மருந்தை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

கொழும்பில் என் தட்டுகளில் காணும் எதிர்ப்பில் பெரும்பங்கு நாம் மனிதருக்குக் கொடுக்கும் மருந்தால் வந்தது என்பதே என் எண்ணம். கன்று இன்னொரு வழி: சாணி எருவாகும், மழைத் தண்ணியோடு ஓடும், கறப்பவரின் கையிலும் ஒட்டும்.

இளங்கன்றுக் கழிச்சலில் நிறைய ரோட்டா வைரஸாலும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாலும் வருவது. அவற்றை டெட்ராசைக்ளின் போன்ற பற்றீரியாக்கொல்லி மருந்து தொடாது. கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புத்தான். "முதல்ல உப்புக் கரைசல் குடு, பிறகு மிருக வைத்தியரைக் கூப்பிடு, நீயா ஊசி மாத்தாதை" என்றேன்.

கன்று போட்டதும் முதலில் சுரக்கும் கடும்புப்பாலைப் பற்றியும் கேட்டேன். பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு நோய் எதிர்ப்புப் புரதம் போவதில்லை. அது கடும்புப்பாலில்தான் இருக்கிறது. கன்றின் குடல் அதை முழுதாக உள்ளே விடுவது முதல் 24 மணி நேரம்வரைதான். அதற்குள்ளும் மணிக்கு மணி அந்தக் கதவு மூடிக்கொண்டே வரும். 25 கிலோக் கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டரை லீற்றர் வேண்டும். தம்பி வீட்டில் பால் கறந்து எடுத்த பிறகு மிச்சத்தைத்தான் கன்றுக்கு விட்டிருக்கிறார்கள்.

கன்று எழும்பி நிற்கிறது. அடுத்த மாடு தை மாதம் கன்று போடும். வாளியில் இரண்டரை லீற்றர் மட்டத்துக்கு ஆணியால் கோடு கீறி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்.