பிரசவ வார்டில் உங்களுக்கு என்ன உரிமை? கேட்பதற்கு ஊரிலேயே ஒரு குழு இருக்கிறது

அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கும். பிறந்தது ஆண் என்றால் ஒரு ரேட், பெண் என்றால் அதில் கொஞ்சம் தள்ளுபடி. துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டும் கை, காட்டிவிட்டு அப்படியே நீளும். அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ள, துணி மாற்ற, டிஸ்சார்ஜ் சீட்டு வாங்க என்று வேறு வேறு கைகள் நீளும். பல ஊர்களிலிருந்து பலமுறை பத்திரிகையில் வந்துவிட்ட சங்கதிதான்.

அரசுத் திட்டத்தின்படி அங்கே கொடுக்க வேண்டிய தொகை பூஜ்யம். அது தெரிந்தவர்களும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். உள்ளே படுத்திருப்பவள் எழுந்துவந்து நியாயம் கேட்க முடியாது. வெளியே நிற்கும் மாமியாரோ, 'நல்லது நடந்திருக்கு, இந்த நேரத்துல எதுக்கு வம்பு' என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுவார். உரிமை உள்ளவளால் வாய் திறக்க முடியாத நேரமாகப் பார்த்துத்தான் உரிமை பறிபோகிறது. அவளுக்காக வேறு யாராவது கேட்டாக வேண்டும். யார் கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதை அரசே எழுதி வைத்திருக்கிறது. அதற்கு முன்னால், எதையெல்லாம் கேட்கலாம் என்று பார்த்துவிடலாம்.

எதற்குமே காசில்லை

மகப்பேறு உதவித்தொகை பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். எந்தத் தவணை எப்போது வரும் என்று கர்ப்பிணிகள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2011 ஜூன் 1 அன்று மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற திட்டத்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வாயில் நுழையாத பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அது சொல்வது இதுதான். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, எல்லாமே இலவசம். மருந்து, ஊசி, கையுறை, தையல் நூல், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஏற்ற வேண்டிய ரத்தம் எதற்கும் கட்டணம் கிடையாது. 'வெளியே வாங்கிட்டு வாங்க' என்று சீட்டு எழுதித் தருவதும் கூடாது. சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் சாப்பாடு உண்டு. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அதற்கும், முடிந்து வீடு திரும்பவும் வண்டி உண்டு. குழந்தைக்கு ஒரு வயதுவரை உடம்புக்கு வந்தாலும் இதே சலுகைதான். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு நிறம், எத்தனையாவது பிரசவம் என்ற கேள்விகளுக்கு இதில் இடமில்லை.

கூட ஒரு பெண்

பணத்தைவிட முக்கியமாக நான் நினைப்பது, பிரசவ அறையில் ஒரு துணை. தமிழ்நாடு இதில் முன்னோடி; 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மத்திய அரசு 2016 பிப்ரவரியில்தான் நாடு முழுவதற்கும் சொன்னது. துணையாக வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும், தானும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், மருத்துவ வேலையில் குறுக்கிடக் கூடாது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் கவனிக்கப் போகக் கூடாது. மற்ற பெண்களின் மறைவு கெடாத இடவசதி இருந்தால் கணவரையும் அனுமதிக்கலாம் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல்.

முதுகைத் தடவிவிட, தண்ணீர் கொடுக்க மட்டும் அல்ல இந்த ஏற்பாடு. பிரசவ அறையில் கன்னத்தில் அறைவதும், 'அப்ப இனிச்சுதா' என்று கேட்பதும் ஒரு சாட்சி பக்கத்தில் நின்றால் தானாகக் குறையும். பல ஆஸ்பத்திரிகளில் 'உள்ளே இடமில்லை' என்று துணையை வெளியே நிறுத்துவதும் அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த லக்ஷ்யா திட்டம், அங்கே மரியாதையான நடத்தையைத் தர மதிப்பீட்டில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. கட்டில்களுக்கு நடுவில் திரை இருக்கிறதா, துணைக்கு ஆள் அனுமதிக்கிறார்களா என்று பார்த்துத்தான் சான்றிதழ்.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்கிறது அது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் எழுதியது.

யாருடைய சம்மதம்?

'வீட்டுக்காரர் கையெழுத்து போட்டாத்தான்' என்ற பேச்சைக் கேட்காத பெண் உண்டா? கருக்கலைப்புச் சட்டத்தில், 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், அப்பா, மாமியார் யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. திருமணம் ஆகாதவர்களுக்கும் 20 முதல் 24 வாரம் வரை கருவைக் கலைக்கச் சட்டம் தரும் சலுகை பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் துணைவரின் சம்மதம் தேவையில்லை. பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி போடுவதாக இருந்தால் கர்ப்ப காலத்திலேயே பேசிச் சம்மதம் வாங்குவதுதான் முறை. வலியின் உச்சத்தில் 'சரி சரி' என்று சொன்னதெல்லாம் சம்மதம் ஆகாது.

குடும்பக் கட்டுப்பாட்டில் ஒரு வழக்கைச் சொல்லாமல் நகர முடியாது. 2012 ஜனவரி 7 இரவு, பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் 2 மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பள்ளிக்கூட பெஞ்சு தான் ஆபரேஷன் மேசை, டார்ச் வெளிச்சம்தான் விளக்கு. தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதார உரிமைச் செயற்பாட்டாளர் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். வழக்கு நடக்கும்போதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்துபோனார்கள். 2016 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு, இத்தகைய முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. விவரங்களை அந்தப் பெண்ணின் மொழியிலேயே விளக்க வேண்டும், மனம் மாறினால் மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஒரு மணி நேரம் இன்று நாட்டில் எந்த ஊர்ப் பெண்ணும் கேட்கக்கூடியது. அதை வாங்கித் தந்தது ஒரு தனிமனுஷி போட்ட மனு.

ஊர்க் குழு

சரி, எல்லாரும் உச்ச நீதிமன்றம் போக முடியாது. ஊரளவில் கேட்பதற்கு இருப்பதுதான் கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு. 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்தது. 2011-ல் ஊட்டச்சத்தையும் இதன் பெயரில் சேர்த்தார்கள்.

2013-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டுதல்படி இதில் குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும், அதில் பாதியாவது பெண்கள். ஊரின் எல்லாத் தெருவுக்கும் ஆள் இருக்க வேண்டும். காலனித் தெருவை விட்டுவிட்டு ஊர்த்தெருவோடு குழு முடிந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த விதி. தலைமைக்கு ஊராட்சியின் பெண் உறுப்பினர், முடிந்தால் பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண் என்கிறது வழிகாட்டுதல். செயலராக ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான். மற்ற இடங்களில் ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதாரச் செவிலியரும்தான் பொறுப்பாளர்கள். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் ஊராட்சியை நடத்தும் காலத்தில் குழுக் கூட்டமே மறந்துபோகும். அப்போதுதான் விடாமல் கேட்க வேண்டும்.

மாதம் ஒரு கூட்டம். ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை எதற்கு என்று கட்டிப்போடாத நிதி. அதைத் தண்ணீர்த் தொட்டி கழுவவும் குளோரின் வாங்கவும் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கதியற்ற ஒரு பெண்ணோ மிக ஏழைக் குடும்பமோ சிகிச்சைக்குப் போய்ச்சேரவும் அதிலிருந்து கொடுக்கலாம். நள்ளிரவில் 108 வரத் தாமதமாகி ஆட்டோ பிடித்தவளுக்கு அந்தக் காசைத் திருப்பித் தரக் குழுவில் பேசலாம். கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்களை மறைக்க வேண்டியதில்லை. தலைவி இருப்பார், நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருப்பார். கூட்டம் காலை 11 மணிக்கு வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் எப்படி வருவார்கள்? இன்னொன்று, புகாரைப் பதிவு செய்ய வேண்டிய செவிலியரே புகாரில் இருக்கும் ஆஸ்பத்திரியின் ஊழியர். தன் மேலதிகாரிக்கு எதிராக அவர் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாலைந்து ஊர்களுக்கும் பதிவேடுகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவர் அவர். அவரை எதிரியாக்கிக்கொள்ளாமல், புகாரைக் குழுவின் பெயரில், மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் நடக்கிற காரியம்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

மக்களே ஆஸ்பத்திரிக்கு மார்க் போட்ட ஒரு முயற்சி இங்கே நடந்திருக்கிறது. 2007 முதல் 2009 வரை 9 மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பு என்ற பெயரில் சோதனை முறையில் செய்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. தன்னார்வ அமைப்புகள் பயிற்சி கொடுக்க, ஊர்க்காரர்கள் கேள்வித்தாளோடு உட்கார்ந்தார்கள். கர்ப்பிணிக்கு வயிற்றுப் பரிசோதனை நடந்ததா, பணம் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்று கேட்டு, பதிலை அட்டையில் நிறமாகக் குறித்தார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். அந்த அட்டையை அதிகாரிகள் முன்னால் வைத்து ஊர் முழுக்கப் பேசினார்கள். மகாராஷ்டிராவில் சோதனைக் காலம் முடிந்த பிறகும் பொது விசாரணைகளாக இது தொடர்ந்தது.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பகுதியில் 1981-ல் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய ரூவ்செக் அமைப்பு, இந்தத் திட்டங்களுக்கெல்லாம் முன்பிருந்தே பெண்களின் உடல்நலத்தையும் வீட்டு வன்முறையையும் சேர்த்துப் பேசிவருகிறது. அது சரியான சேர்க்கை. அடிபட்டு வரும் பெண்ணுக்குக் கட்டுப்போட்டு, 'வழுக்கி விழுந்தேன்' என்று எழுதி அனுப்பும் ஆஸ்பத்திரி பாதி வேலையைத்தான் செய்கிறது. மகளிர் உதவி எண் 181-ஐ அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் என்ன?

தாய் இறந்துபோகும் இடத்தில்தான் மக்கள் குரலுக்கு மிகத் தெளிவான இடம் இருக்கிறது. ஒவ்வொரு பேறுகால மரணமும் விசாரிக்கப்பட வேண்டும். வீட்டுக்கே வந்து என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வுக்குக் கூட இருந்த உறவினர்களையும் அழைக்க வழிகாட்டுதல் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம் காக்க வைத்தார்கள், ரத்தம் வாங்க யாரை எங்கே அனுப்பினார்கள் என்பதையெல்லாம் அங்கே சொல்லலாம். அழைப்பு வராவிட்டால் மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

எங்கே, எப்படி

புகாரில் தேதி, நேரம், வார்டு, நடந்தது, கேட்ட தொகை ஆகியவை இருக்கட்டும். ஆளின் பெயர் தெரியாவிட்டால் எந்த ஷிப்ட் என்று எழுதினாலே போதும், டியூட்டி பதிவேட்டில் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அவள் ஒப்புக்கொள்ளாமல் சபையில் வாசிக்கக் கூடாது. குறிப்பாகக் கருக்கலைப்பில், விவரத்தை வெளியிடுவது மருத்துவருக்கே தண்டனைக்குரிய குற்றம்.

அப்போதைக்கு அரசின் சுகாதார உதவி எண் 104-க்கு அழைத்துப் புகார் செய்யலாம், 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் புகார்ப் பிரிவுக்கு 1100. எழுத்துப் புகார் முதலில் மருத்துவ அலுவலருக்கு, நகல் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கண்காணிப்பாளருக்கு. சிகிச்சை ஆவணங்களைப் பெறுவதும் நோயாளியின் உரிமை; டிஸ்சார்ஜ் ஆன 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது உரிமைப் பட்டயம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னதற்குப் பதில் வராது.

குழுவே கூடவில்லை என்று தோன்றினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார மருத்துவ அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த இரண்டு ஆண்டு கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், நிதிச் செலவு விவரம் இந்த மூன்றையும் கேட்டால் போதும். பதிலுக்கு 30 நாள் அவகாசம். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலையில்லை. 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.