ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கமரா

மட்டக்களப்பு முகத்துவாரத்தில் நேரே பார்க்கும்போது தெரிகிற ஆழம், எடுத்த படத்தில் காணாமல் போய்விடுகிறது. கமராவின் விலை இதற்குக் காரணமல்ல. நம் இரு கண்களுக்கும் இடையே 6 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான இடைவெளி உண்டு. ஆகவே இரண்டிலும் விழும் காட்சி கொஞ்சம் வேறுபடும். எது கிட்ட, எது எட்ட என்று மூளை பிரித்தறிய அந்த வேறுபாடு பெரிதும் உதவுகிறது. கமரா ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. தோணிக்காரரின் தலையில் தென்னை முளைத்தது போலப் படம் வருவது இதனால்தான். எடுக்குமுன் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்போதே தெரிந்துவிடும். ஓரடி விலகி நின்றால் போதும்.

படத்தில் ஆழத்தை உணர்த்த மிஞ்சியிருப்பவற்றில் வலுவானது, கிட்ட உள்ளதற்கும் எட்ட உள்ளதற்குமான அளவு வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம். முகத்துவாரத்து வெளிச்சவீடு 28 மீற்றர் உயரம். 280 மீற்றர் தள்ளி நிற்கிறீர்கள். முன்னே 2 மீற்றரில் கரையேற்றிய தோணி, அதன் அணியம் (முன்முனை) 1 மீற்றர் உயரம் என்று வைப்போம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வெளிச்சவீட்டுக்கு 0.1, அணியத்துக்கு 0.5. படத்தில் தோணி ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கும். 2 மீற்றர் பின்னுக்கு வாருங்கள்: அணியம் பாதியாகிவிடும், வெளிச்சவீடோ நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. தோணியிலிருந்து 10 மீற்றருக்குப் போனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஸூம் இரண்டையும் ஒரே மடங்கில் பெருக்குவதால் இந்த விகிதம் அசையாது. நின்ற இடத்தில் ஸூம் பண்ணுவதைவிட நாலு எட்டு நடப்பது மேல் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

படத்தை மூன்று சம பங்காகப் பிரித்து, அடிவானத்தை அந்தக் கோடுகளில் ஒன்றில் வை என்கிற மூன்றிலொரு பங்கு விதியையும் பலர் சொல்வார்கள். ஓவியத்தைப் பற்றி எழுதிய ஜோன் தோமஸ் ஸ்மித் 1797 இல் அதற்கு அந்தப் பெயரை இட்டார், கட்டாயச் சட்டமல்ல. கல்லடிப் பாலத்தில் மாலை முகில் சிவந்திருந்தால் வானத்துக்கு இரண்டு பங்கு கொடுங்கள். வீச்சுவலை விழுந்து விரிகிற வட்டம்தான் முக்கியமென்றால், அந்த இரண்டு பங்கு வாவிக்கு. காற்று அடங்கி, மேலே உள்ளது அப்படியே நீரில் தெரியும்போது அடிவானத்தை நடுவிலேயே வைக்கலாம். ஆனால் அது கிடையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் வாவி ஒரு பக்கம் வழிவது போலிருக்கும். போன் கமராவின் செற்றிங்ஸில் கட்டக்கோடுகளைப் போட்டு வைத்தால் இதைச் சரிபார்ப்பது சுலபம்.