கரையில் கிடைத்த ஒற்றை ஓடு புதிய இனம் ஆகாது

பொதுமக்கள் கொண்டுவரும் புதைபடிவங்களை இனங்கண்டு சொல்வதற்கென்று எங்கள் அருங்காட்சியகத்தில் மாதம் ஒருநாள் ஒதுக்கியிருக்கிறோம். சென்ற மாதம் அந்த நாளில், வர்ஜீனியாவில் நெடுங்காலமாக வாழும் தமிழ் அன்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியாளர், ஒரு செருப்புப் பெட்டி நிறைய ஸ்காலப் ஓடுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். விசிறிபோல் விரிந்து, மேட்டு வரிகள் ஓடும் அந்தச் சிப்பி ஓடுகள் ஒவ்வொன்றும் தேய்த்துக் கழுவி வார்னிஷ் பூசப்பட்டுப் பீங்கான் தட்டுபோல் பளபளத்தன. பஞ்சில் பொதிந்திருந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து, "மேடம், இது புது ஸ்பீசீஸ். நெட்டில் எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை. என் பேத்தி பெயரையே வைத்துவிட்டேன்" என்றார். பெயரெழுதிய சீட்டும் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. எந்தப் பாறை அடுக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "யார்க் ஆற்றங்கரையில்தான், எங்கோ ஓரிடத்தில்" என்றார்.

இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த நான்காவது பெட்டி அது. நான்கிலும் ஒரு "புதிய இனம்" இருந்தது; ஒன்றில்கூட அடுக்கின் குறிப்பு இல்லை. அவரிடம் முகம் சுளிக்காமல் சொல்லி அனுப்பியதைச் சற்று முகம் சுளித்தே இங்கே எழுதுகிறேன்.

அவர் கொண்டுவந்தவை செசபெக்டென் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைச் சமவெளியில், மயோசீன், பிளியோசீன் காலப் படிவுகளில் கிடைக்கும் இந்தச் சிப்பிகளில் இன்று ஒன்றுகூட உயிரோடில்லை. 1687இல் இங்கிலாந்தில் மார்ட்டின் லிஸ்டர் வெளியிட்ட சிப்பிப் படத்தொகுதியில் இவற்றுள் ஒன்றின் படம் இடம்பெற்றது. வட அமெரிக்கப் புதைபடிவம் ஒன்று அறிவியல் நூலில் வரையப்பட்டது அதுவே முதல்முறை. ஆனாலும் பெயர் வைத்த உரிமை லிஸ்டருக்கு இல்லை, ஏனென்றால் விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகள் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன. ஜான் ஃபின்ச் என்பவர் திரட்டிய ஓடுகளை ஆராய்ந்து, 1824இல் பெக்டென் ஜெபர்சோனியஸ் என்று பெயரிட்டவர் பிலடெல்பியாவின் தாமஸ் சே. அதே கட்டுரையில் பெக்டென் மாடிசோனியஸ் என்று இன்னொன்றுக்கும் பெயரிட்டார். ஆக, அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான ஜெபர்சன், மாடிசன் இருவரும் சிப்பிகளாக அமர்ந்துவிட்டார்கள். பிறகு வந்தவர்கள் அவற்றைக் கிளாமிஸ் என்றும் லைரோபெக்டென் என்றும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1975இல் லாக் வார்டு, பிளேக் பிளாக்வெல்டர் இருவரும் செசபெக்டென் என்ற தனிப் பேரினத்தை நிறுவினார்கள். இன்று செசபெக்டென் ஜெபர்சோனியஸ் என்னும் பெயருக்குப் பின்னால் (சே, 1824) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவது அச்சுப் பிழையன்று. பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து இந்த இனம் வேறு பேரினத்துக்குப் போய்விட்டது என்பதற்கான அடையாளம். 1993இல் வர்ஜீனியா இதைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது.

"படத்தோடு ஒத்துவரவில்லை, எனவே புதியது." இந்த வாதம்தான் என் பொறுமையை மிகவும் சோதிப்பது. ஒரு படத்தோடு உங்கள் ஓடு ஒத்துவரவில்லை என்றால், அந்தப் படத்தில் இருக்கும் ஓடும் உங்கள் ஓடும் ஒரே ஓடு அல்ல என்பது மட்டுமே உறுதியாகிறது. உங்கள் தெருவில் ஒருவர் உயரமாக இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் குட்டையாக இருக்கிறார் என்பதற்காக மனிதரில் இரண்டு இனங்கள் உண்டு என்று யாரும் சொல்வதில்லை. சிப்பிக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை? ஒரே இனத்தின் ஓடுகளிலும் வரிகளின் எண்ணிக்கை மாறும், குவிவு மாறும், கீலின் இருபுறமும் சிறகுபோல் நீளும் காதுகளின் நீளம் மாறும். நெருக்கமாக வளர்ந்தது கோணலாகும், நண்டிடம் அடிபட்டுப் பிழைத்தது வரி முறிந்து மறுபடி ஒட்டியிருக்கும், கடற்பஞ்சு துளைத்தது அம்மைத் தழும்பு முகம்போல் இருக்கும். ஜெபர்சோனியஸுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரிகள் என்று நாங்கள் எழுதுகிறோமே, அந்த "முதல்" என்னும் சொல்லுக்குள்தான் இத்தனை ஓடுகளும் அடங்கியிருக்கின்றன.

இந்த இடத்தில் ஒருவர் தவறாமல் இதே பேரினத்தின் செப்டெனாரியஸ் என்ற இனத்தைக் காட்டுவார். பெயரிலேயே ஏழு இருக்கிறது, என் ஓட்டில் எட்டு வரிகள், எனவே இது வேறு என்பார். பெயர் என்பது வருணனை அல்ல. கருப்பசாமி சிவப்பாக இருந்தால் அவர் பெயரை யாரும் மாற்றுவதில்லை. ஓர் இனத்தின் பெயர் ஒட்டியிருப்பது பண்புகளின் பட்டியலோடு அல்ல, ஓர் அருங்காட்சியக இழுப்பறையில் எண்ணிடப்பட்டுக் கிடக்கும் ஒரே ஒரு மாதிரியோடு. அதை ஹோலோடைப் என்கிறோம். அந்த இனத்தில் அதுவே அழகானது, சராசரியானது, முழுமையானது என்று எந்த விதியும் சொல்லவில்லை. உடைந்த ஓடுகூட ஹோலோடைப் ஆகலாம். அந்தப் பெயரைக் கட்டிவைத்திருக்கும் முளைக்குச்சி அது, அவ்வளவுதான். கயிறு நீளுமட்டும் பசு மேயும். எதுவரை மேயலாம் என்பது பல ஓடுகளை ஒன்றாக வைத்து அளந்த பிறகே தெரியும்.

வயது இன்னொரு பொறி. ஸ்காலப்பின் வலது ஓட்டில், முன்காதின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். சிப்பி தன் பைசஸ் நூலை அதன் வழியே விட்டுப் பாறையையோ ஓட்டுத் துண்டையோ பற்றிக்கொள்ளும். வெட்டின் ஓரத்தைக் கைலென்ஸில் பார்த்தால் சீப்பின் பற்கள்போல ஒரு சிறு வரிசை தெரியும். டெனோலியம் எனப்படும் அதுவே இந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் உறுப்பு. செசபெக்டென் வரிசையில் பழைய இனங்களின் வெட்டு ஆழமானது, பிந்திய இனங்களில் அது ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் பிந்திய இனத்தின் குஞ்சும் இளமையில் நூல் விட்டுப் பற்றிக்கொள்ளத்தான் செய்கிறது, அப்போது அதன் வெட்டும் ஆழமாகவே இருக்கிறது. எனவே ஒரு பிந்திய இனத்தின் குஞ்சு ஓட்டை ஒரு பழைய இனத்தின் வளர்ந்த ஓட்டோடு ஒப்பிட்டால் காதுகள் பொருந்தும், வரிகள் பொருந்தாது. பார்ப்பவர் புதிய இனம் கண்டுவிட்டதாகத் துள்ளுவார். பொறியாளரின் பஞ்சுப் பொதிக்குள் இருந்தது இதுதான். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்த வலது ஓட்டின் டெனோலியத்தில் வார்னிஷ் நிரம்பியிருந்ததால் பற்களை எண்ண முடியவில்லை.

அடுக்கின் செய்திக்கு வருகிறேன். யார்க் ஆற்றங்கரைச் செங்குத்துச் சரிவுகளில் யார்க்டவுன் படிவு இருக்கிறது. அதற்கு அடியில் வேறிடங்களில் வெளித்தெரியும் ஈஸ்ட்ஓவர் படிவு இருக்கிறது. ஈஸ்ட்ஓவரில் மிடில்செக்ஸென்சிஸ் என்னும் செசபெக்டென் இனம், யார்க்டவுனின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 40 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஜெபர்சோனியஸ், மேலே போகப் போக மாடிசோனியஸ் என்று இவை பொதுவாக வரிசைப்படுவதால், அடுக்கை அறியவே இந்தச் சிப்பிகளைப் பயன்படுத்துகிறோம். சரிவு இடிந்து எல்லாம் கரையில் கலந்து கிடக்கும்போது வினை தொடங்குகிறது. ஓடு ஜெபர்சோனியஸ், ஆகவே அடுக்கு கீழ்யார்க்டவுன். அடுக்கு கீழ்யார்க்டவுன், ஆகவே ஓடு ஜெபர்சோனியஸ். இந்தச் சுழல்வாதத்தை நான் மாணவர்களின் ஆய்வேட்டிலேயே பார்த்திருக்கிறேன், பொதுமக்களைக் குறைசொல்லி என்ன பயன்?

பெயர் மாறுவதைக் கண்டு "உங்களுக்கே தெளிவில்லையே" என்று கேட்பவர்களும் உண்டு. பக்கத்து மேரிலாந்து 1984இல் எக்ஃபோரா குவாட்ரிகோஸ்டாட்டா என்ற நத்தையைத் தன் மாநிலப் புதைபடிவமாக்கியது. மேரிலாந்தில் கிடைப்பது அதுவன்று, எக்ஃபோரா கார்ட்னரே என்று வகைப்பாடு திருந்தியபின், 1994இல் சட்டத்தையே திருத்தியது. எவ்வளவு ஒழுங்கான செயல்! கார்ட்னரே என்பது ஜூலியா கார்ட்னர் என்னும் பெண் தொல்லுயிரியலாளரின் நினைவாக வைத்த பெயர், ஆகவே பெண்பால் ஈறு. பொறியாளர் தம் பேத்தியின் பெயருக்கு ஜெபர்சோனியஸைப் பார்த்து "இயஸ்" ஈறு போட்டிருந்தார். இலக்கணப் பிழை திருத்திவிடக் கூடியது என்று அவரிடம் சொன்னபோதுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

சீட்டில் எழுதி ஒட்டினாலும் முகநூலில் போட்டாலும் அது பெயராகாது. 1999க்குப் பின் முன்வைக்கும் எந்த இனத்துக்கும், இது புதியது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஹோலோடைப் எது, எந்தச் சேகரத்தில் வைக்கப்படும் என்று குறித்து, மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளை எழுதி, முறையாக வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழானால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் வேண்டும். அதற்கு முன்னதாக இருநூறு ஆண்டு எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே யாராவது பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று தேடியாக வேண்டும். என் வேலையில் பாதி நாள் அதில்தான் கழிகிறது.

எனவே, தயவுசெய்து கேளுங்கள். ஓட்டை எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே படம் எடுங்கள், சரிவின் அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்தது என்று அளந்து எழுதுங்கள், விழுந்து கிடந்ததானால் விழுந்து கிடந்தது என்றே எழுதுங்கள். அது வெட்கப்படுவதற்குரியது அல்ல. சரிவைத் தோண்டாதீர்கள், அது உங்கள் தலைமேல்தான் விழும். தேசியப் பூங்கா எல்லைக்குள் கூழாங்கல்கூட எடுக்காதீர்கள். வினிகரில் ஊறவைக்காதீர்கள், ஓடு சுண்ணாம்பு, நீங்கள் அழுக்கென்று கரைப்பது டெனோலியத்தின் பற்களை. வார்னிஷ், சூப்பர் குளூ இரண்டையும் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடு உதிர்ந்தால் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்னும் பிசின் போதும், பின்னால் அதை நாங்கள் நீக்கிவிட முடியும். அனுப்பும் படத்தில் வெளிப்புறம் மட்டுமின்றி உட்புறமும், காதுகளும், கீல் விளிம்பும், ஓர் அளவுகோலும் இருக்கட்டும். அழகானதை மட்டும் பொறுக்கிவராதீர்கள், அதே அடுக்கிலிருந்து சிறிதும் பெரிதுமாக, உடைந்ததும் உடையாததுமாகக் கொண்டுவாருங்கள்.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து படம் அனுப்பும் தம்பி தங்கைகளுக்கும் இதுவே. அங்குள்ள கிரெட்டேசியஸ் காலச் சிப்பிகளை 1870-71இல் விவரித்த ஸ்டோலிச்கா, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று படிவுத் தொகுதி வாரியாகவே எழுதினார். 150 ஆண்டுகள் கழித்து "சுரங்கத்தருகே கிடைத்தது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் நான் என்ன செய்வது?

பொறியாளர் பெட்டியை மூடும்போது அடியில் கழுவாத ஓடு ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். பாதி உடைந்தது, அழுக்கு போகவில்லை என்று அவர் ஒதுக்கியிருந்தார். கீலுக்குக் கீழே சாம்பல்நிற மணல் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதில் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் இருந்தால் எந்த அடுக்கு என்பது தெரிய வாய்ப்புண்டு. அதை மட்டும் எங்களுக்குத் தந்துவிட முடியுமா என்று கேட்டேன். "இதையா?" என்று தயங்கியபடியே கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அது என் இழுப்பறையில், "செசபெக்டென், அடுக்கு தெரியவில்லை, மணல் எடுக்கப்படவில்லை" என்ற சீட்டோடு காத்திருக்கிறது.