கத்திரி வெயிலும் கம்பளிக் குல்லாவும்

மே மாதத்தில் மதுரையில் தலைப்பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்கு வந்த குழந்தையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். வெளியே 40 டிகிரி. உள்ளே குழந்தையின் தலையில் பின்னல் குல்லா, கையில் உறை, காலில் சாக்ஸ், மேலே ஒரு பூந்துவாலை. போதாதென்று ஜன்னலும் சாத்தியிருக்கும், "காத்துப் பட்டா சளி பிடிச்சிரும்" என்று. எல்லாம் அக்கறையில் செய்ததுதான். ஆனால் மார்கழிக்கு உரிய ஏற்பாட்டைக் கத்திரி வெயிலில் செய்தால் அந்தச் சின்ன உடம்பு என்ன பாடுபடும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

குல்லாவுக்கும் ஒரு நியாயம் உண்டு. வயிற்றுக்குள் இருக்கும்போது சிசுவின் சூடு தாயின் சூட்டைவிட அரை டிகிரி அளவுக்குக் கூடுதல். ஈர உடம்போடு வெளியே வந்ததும் அந்தச் சூடு மளமளவென்று இறங்கும். அதனால்தான் பிறந்ததும் துடைத்து, தாயின் நெஞ்சோடு ஒட்ட வைத்து, தலையை மூடுகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அது உயிர் காக்கிற வேலை. குளிரைச் சமாளிக்கக் குழந்தையின் உடம்பிலேயே தனி ஏற்பாடும் இருக்கிறது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. குளிர்ந்தால் நடுங்காமலே அதை எரித்துச் சூடேற்றிக்கொள்ளும். வெயிலைச் சமாளிக்க அப்படி எதுவும் கிடையாது. வேர்வை ஒன்றுதான், அதுவும் இன்னும் பழகாத வேர்வை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 3 கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தை சும்மா படுத்திருக்கும்போதே 6 முதல் 7 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு இழுக்கிற அளவு. குறைவாகத் தெரியலாம். ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் பெரியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. தோலின் பரப்பும் அப்படித்தான்: 60 கிலோ ஆளுக்கு சுமார் 1.7 சதுர மீட்டர், 3 கிலோ குழந்தைக்கு 0.2 சதுர மீட்டர். கிலோவுக்குப் பிரித்தால் குழந்தைக்குத்தான் இரண்டு மடங்குக்கும் மேலே. அந்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை. குல்லா மாட்டினால் வெப்பம் வெளியேறும் வழியில் ஐந்தில் ஒன்றை அடைத்துவிடுகிறோம்.

தோலின் சூடு 34, 35 டிகிரி இருக்கும். சுற்றியுள்ள காற்று 28 டிகிரி என்றால் வெப்பம் தானாகவே உடம்பிலிருந்து வெளியே போகும், யாரும் எதுவும் செய்ய வேண்டாம். காற்று 38, 40 ஆனதும் திசை மாறிவிடும். காற்றிலிருந்தும், வெயிலில் காய்ந்த சுவரிலிருந்தும், சூடேறிய மெத்தையிலிருந்தும் வெப்பம் உடம்புக்குள் ஏறும். பெரிய பரப்பு, சின்ன உடம்பு. ஏறும் வேகமும் அதற்கேற்ப அதிகம். அப்போது வெப்பம் வெளியேற மிச்சமிருக்கும் ஒரே வழி ஈரம் ஆவியாவது.

ஒரு மில்லி வேர்வை ஆவியாகும்போது 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். குழந்தை உண்டாக்கும் 6 வாட் முழுவதும் இந்த வழியாகவே போக வேண்டும் என்றால் மணிக்குச் சுமார் 9 மில்லி ஈரம் ஆவியாக வேண்டும், ஒரு நாளைக்கு 200 மில்லிக்கு மேல். அந்தக் குழந்தை நாள் முழுக்கக் குடிக்கும் பாலே 450 மில்லி அளவுதான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வேர்வைச் சுரப்பிகள் முழு எண்ணிக்கையில் இருந்தாலும் ஒவ்வொன்றும் சுரப்பது குறைவு. முதலில் நெற்றியில்தான் வேர்க்கத் தொடங்கும். ரொம்பக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தொடக்க நாட்களில் வேர்ப்பதே இல்லை. மதுரைக் காற்று வேறு சென்னைக் காற்றைப் போலக் கசகசவென்று இருக்காது, காய்ந்த காற்று. வேர்வை தோலில் நிற்காமல் உடனே உலர்ந்துவிடும். "பிள்ளைக்கு வேர்க்கவே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறுவது இதனால்தான்.

ராத்திரியாவது நிம்மதி என்று பார்த்தால், பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் மேல்தளம் நடுநிசி வரை கீழ்நோக்கி வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் பகலில் கொதித்தாலும் இருட்டியதும் ஆறிவிடும். கான்கிரீட் மெல்லத்தான் ஆறும். தோலைவிடத் தளம் 10 டிகிரி சூடாக இருந்தால் சதுர மீட்டருக்கு 60 வாட் அளவு கதிர்வீச்சாக வரும். அதற்கு நேர் கீழே மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் மேல்பாதி வாங்குவது, அதன் உடம்பே உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமம். சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் தெளிப்பது, மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, கீழ்த்தளம் இருந்தால் குழந்தையை அங்கே படுக்க வைப்பது, இவையெல்லாம் ஏ.சி. இல்லாத வீட்டில் உண்மையாகவே பலன் தரும்.

இனி அந்தச் சாக்ஸ் விஷயம். அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சு இது.

"காலு ரெண்டும் ஐஸாட்டம் இருக்குடி. அந்தச் சாக்ஸ எடுத்து மாட்டு."

"அம்மா, நீ காலை மட்டும் தொட்டா எப்படி? வயித்தைத் தொட்டுப் பாரும்மா."

மகள் சொல்வதுதான் சரி. பிறந்த முதல் சில வாரங்களில் கைகால் நுனிகளுக்கு இரத்த ஓட்டம் இன்னும் சீராகியிருக்காது, அதனால் அவை கொஞ்சம் சில்லென்று இருப்பது இயல்பு. வயிற்றையும் பாதத்தையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் கதகதப்பாக, தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் குழந்தை சௌகரியமாக இருக்கிறது. வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்று இருந்து, அறையும் குளிர்ச்சியாக இருந்தால் ஒரு துணி கூடுதலாகப் போர்த்தலாம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் உடனே நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றி, மருத்துவரிடம் போக வேண்டும். வயிறும் பாதமும் பிடரியும் ஒரே மாதிரி சுடுகிறது, முகம் சிவந்திருக்கிறது என்றால் துணியும் அறையும்தான் காரணமாக இருக்கும். வயிறு நன்றாகச் சுட்டு, கைகால் மட்டும் சில்லிட்டிருந்தால் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். தெர்மாமீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பேசுவது கைதான், அந்தக் கையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

சூடு அதிகமான குழந்தை அழுது ஊரைக் கூட்டும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறாகவும் இருக்கும். குளிர்ந்தால் கைகாலைச் சுருட்டிக்கொள்ளும் குழந்தை, சூடானால் நாலாபுறமும் விரித்துப் போட்டுக்கொண்டு அசைவு குறைந்து அதிகமாகத் தூங்கும். "சமத்து, அசந்து தூங்குது" என்று நாமும் எழுப்பமாட்டோம். பால் குடிக்கும் வேளை தவறிப்போகும், உடம்பில் நீர் குறையும், இன்னும் துவளும். தூக்கத்தில் திடீரென்று நேரும் சிசு மரணங்களுக்கு அதிகச் சூடும் தலை மூடுவதும் துணைக்காரணங்கள் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். மூச்சில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் விழித்துத் திணறி மீளும் திறனைச் சூடு மழுங்கடிக்கிறது. கத்திரி வெயிலில் பச்சைக் குழந்தை பால் வேளை தாண்டித் தூங்கினால் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

பாலைப் பற்றிச் சொன்னதும் தண்ணீர் வந்துவிடும். "நமக்கே நாக்கு வறளுது, பிள்ளைக்கு ரெண்டு பாலாடை வெந்நீர் குடுத்தா என்ன?" என்று அப்பத்தா கேட்பதில் தப்பில்லை. பதில் குழந்தையின் சிறுநீரகத்தில் இருக்கிறது. அதிகமாக வந்த தண்ணீரைச் சட்டென்று வெளியேற்றவும் அதற்குத் திறமை போதாது, குறைந்தால் சிறுநீரைச் செறிவாக்கித் தண்ணீரைச் சேமிக்கவும் பெரியவர்களின் பாதித் திறமைதான். வெறும் தண்ணீர் போனால் இரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போய், அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் போகலாம். வயிறு தண்ணீரால் நிறைந்தால் பாலும் குறையும். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அதுவும் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த, கிருமி கலக்காத தண்ணீர். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். அந்த வெந்நீரைக் குடிக்க வேண்டியவள் தாய். பிறந்ததும் சேனை தொட்டு வைக்கும் தேனுக்கும் இதே தடை: ஒரு வயதுக்குள் தேனிலிருந்து பொட்டுலிசம் என்ற நரம்பு நச்சு நோய் வரக்கூடும். பால் போதுகிறதா என்று அறிய முதல் வாரம் முடிந்த குழந்தை நாளைக்கு 6 தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். துணி மஞ்சளாகக் கறைபட்டால், வாய் உலர்ந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

சேலைத் தொட்டிலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அழுகிற குழந்தையை அடக்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் துணி இருபக்கமும் மேலேறிக் குழந்தையைப் பொதிந்துகொள்வதால் உள்ளே காற்றோட்டம் குறைவு. பாலியஸ்டர் சேலையாக இருந்தால் வேர்வையையும் உறிஞ்சாது. பழைய சுங்குடிச் சேலைகளை வீட்டில் தொட்டிலுக்கென்று எடுத்து வைப்பார்களே, அது வெறும் சிக்கனமில்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். இருந்தாலும் குழிந்த துணியில் குழந்தையின் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சுக்குழாய் நெருக்கப்படலாம். தொட்டிலில் ஆட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள், தூங்கியதும் எடுத்துச் சமதளமான, அழுத்தமான பாயிலோ மெத்தையிலோ மல்லாத்திப் போடுங்கள். தவழும் வயசில் ஆள் இல்லாத தொட்டிலை அப்படியே தொங்கவிடவும் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

மின்விசிறியைப் பற்றி ஒன்று. அறைக் காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது உலர்ந்த உடம்பின் மேல் விசிறி அடித்தால் சூடான காற்றைத்தான் மேலே தள்ளுகிறோம். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் அதே காற்று குளிர்விக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியெல்லாம் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்களே, கூட்டத்தில் நின்றவர்களுக்கு இந்தக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். வேர்க்குருவுக்கும் இதுதான் மருந்து. வேர்வை நாளத்தின் வாய் அடைபட்டு வருவது அது; குளிர்ந்த, உலர்ந்த தோலில் தானே அமுங்கும். பவுடரைக் கொட்டுவதால் வரும் நன்மையைவிட, அந்தத் தூள் மூச்சில் போவதால் வரும் தீமை பெரிது. சாம்பிராணிப் புகையையும் அப்படியே தள்ளிவைக்கலாம்.

குளிப்பாட்டும் நேரத்தில் ஒரு ஆபத்து யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி, அதிலிருந்து வெயிலில் கிடக்கும் குழாய். மத்தியானம் குழாயைத் திறந்தால் முதல் சில மக் தண்ணீர் கையைச் சுடும். நமக்கு "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், குழந்தையின் மெல்லிய தோலுக்கு அது கொப்புளம். வாளியில் பிடித்து, முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். பைக் டேங்க்கும் இதே கதை: வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்க் மேல் கால்சட்டை போட்ட ஒன்றரை வயசுப் பிள்ளையை உட்கார வைத்தால் தொடை வெந்துவிடும். பூட்டிய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் 10 டிகிரி வரை ஏறிவிடும், கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. மாசி வீதிகளில் "துணிக்கடைக்குள்ள போயிட்டு ஒரு நிமிஷத்துல வந்துர்றேன்" என்பது எத்தனை நிமிடம் என்று எல்லாருக்கும் தெரியும். நடக்கும் பிள்ளைகள் வாளித் தண்ணீரில் விளையாடினால் கைக்கெட்டும் தூரத்தில் ஆள் வேண்டும். தலை கனமான வயசு, குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது.

எல்லாவற்றையும் மீறிக் குழந்தை சுடுகிறது என்றால் பாராசிட்டமால் சொட்டு மருந்தைத் தேடத்தான் கை போகும். காய்ச்சலில் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி, உடம்பின் சூடு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவையே உயர்த்திவிடுகிறது; மருந்து அந்த அளவை இறக்குகிறது. வெயில் தாக்கத்தில் அந்த அளவு மாறவே இல்லை, உடம்புதான் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. அங்கே மருந்துக்கு வேலை இல்லை. துணிகளைக் கழற்றுங்கள், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து விசிறுங்கள், தெளிவாக விழித்திருந்தால் பால் கொடுங்கள். கால் மணி, இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்போதும் 38 டிகிரி இருந்தால் அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வருகிறது என்றால் காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம், அந்த ஒரு மணி நேரமும் வண்டிக்குள் ஈரத் துணி உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நினைவு தெளியாத குழந்தையின் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம்.