மழைக்குக் கோழிக்கூண்ட இறுக்கிக் கட்டாதீங்க

ஐப்பசி பொறந்தா போதும், எங்க ஆஸ்பத்திரி வாசல்ல சாக்குப்பையோட ஆளுங்க நிப்பாங்க, பைக்குள்ள செத்த கோழி இருக்கும். டெல்டா பக்கம் கால்நடை டாக்டரா இருக்கேன், நாலு நாள் அடைமழை பிடிச்சா அஞ்சாவது நாள் எத்தன சாக்கு வரும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கே ஓடும்.

போன மழைக்கு ஒரு அக்கா மூணு கோழிய தூக்கிட்டு வந்தாங்க. "டாக்டரம்மா, சாரல் ஒரு சொட்டு உள்ள போகாம ஃப்ளெக்ஸ் பேனர வச்சு நாலு பக்கமும் கட்டிருக்கேன், அப்பவும் குளிர்ல வெறச்சு செத்துருச்சும்மா"ன்னாங்க. மூச்சுக்குழாய அறுத்துப் பாத்தா உள்ள ஒரே செவப்பு, நூல் நூலா சளி. குளிரால இல்லக்கா, கூண்டுக்குள்ள காத்தோட்டம் இல்லாமத்தான் செத்துச்சுன்னேன், நம்பல. சாயங்காலம் வீட்டுக்குப் போற வழிதானேன்னு இறங்கி, கூண்டு முன்னாடி குத்தவச்சு, கோழி மூக்கு இருக்குற உயரத்துக்கு உங்க மூக்க கொண்டுபோங்கன்னு சொன்னேன், ரெண்டே செகண்டு, முந்தானையால மூஞ்சியப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க.

அதான் அமோனியா. ஈரத்துல கெடக்குற எச்சத்துல இருந்து வர்ற வாயு, கண்ணு எரியும், மூச்சுக்குழாய் புண்ணாகும், அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் சுலபமா ஒட்டிக்கும், சளி, கொறட்டைன்னு ஆரம்பிச்சு ஒன்னுபின்னாடி ஒன்னா விழும். இறகு காஞ்சிருக்குற பெரிய கோழிக்கு நம்ம ஊர் குளிரெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க, அதோட உடம்புச் சூடே 106 டிகிரி ஃபாரன்ஹீட் கிட்ட, இறகுக்குள்ள நிக்கிற காத்துதான் போர்வை, நனைஞ்சா போர்வ போச்சு. அதனால சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் கோழி உக்காருற உயரத்துக்கு மறைங்க, கூரைக்குக் கீழ ஒரு சாண் திறந்தே கெடக்கட்டும். தரையில உமியோ கடலத்தோலோ போட்டிருப்பீங்க, ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடிச்சு விடுங்க, கொழுக்கட்ட மாதிரி அப்படியே நின்னா ஈரம் ஜாஸ்தி, அன்னைக்கே மாத்திடுங்க, இந்த ஈரத்துலதான் குஞ்சுங்களுக்கு ரத்தக்கழிச்சலும் வரும்.

குஞ்சுக்கு மட்டும் குளிர் நெஜமாவே ஆகாது. முதல் வாரம் பல்பு போட்டு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு குடுக்கணும், அப்புறம் வாரத்துக்கு 5 கொறைச்சுக்கலாம். தெர்மாமீட்டர்லாம் வேணாம், பல்புக்கு அடியில ஒன்னுமேல ஒன்னு ஏறி நின்னா குளிருது, ஓரத்துக்கு ஓடுனா சூடு அதிகம். அப்புறம் நனைஞ்ச மக்காச்சோளம், பூஞ்சை பிடிச்ச புண்ணாக்கு, மாட்டுக்கு ஆகாதத கோழிக்குப் போடுறது, தயவுசெஞ்சு வேணாம்.

வெள்ளக்கழிச்சலுக்கு, அதான் ராணிக்கெட்னு சொல்ற கோழி நோய்க்கு மட்டும் மழைக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும். குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு மருந்து, 8ஆவது வாரம் ஊசி, கழுத்து திருகிக்கிட்டு பச்சையா கழிய ஆரம்பிச்சப்புறம் ஊசியத் தூக்கிட்டு ஓடி பிரயோஜனம் இல்ல. மருந்து வாங்க வந்தா ஃபிளாஸ்க்ல ஐஸ் போட்டு எடுத்துட்டு வாங்க. ஒருத்தர் சட்டப்பாக்கெட்ல போட்டுக்கிட்டு டீக்கடையில ஒரு மணி நேரம் அரசியல் பேசிட்டு வீட்டுக்குப் போயிருக்காரு, அப்புறம் தடுப்பூசி வேலை செய்யலன்னு எங்கிட்ட சண்டை.

எனக்கு நெஜமாவே கோவம் வர்றது எதுக்குன்னா, வீட்ல ரெண்டு செத்தவுடனே மிச்சத்த விடியக்காலையில சந்தைக்குக் கொண்டுபோய் தள்ளிடுறாங்க. அத வாங்கிட்டுப் போறவன் வீட்ல பத்து நாள்ல மொத்தக் கூண்டும் காலி. சந்தையில வாங்குனா ரெண்டு வாரமாவது தனியா பஞ்சாரத்துல கவுத்து வச்சுப் பாருங்க. செத்தத வாய்க்கால்ல வீசாதீங்க, மழத்தண்ணி அடுத்த தெருவுக்கு இழுத்துட்டுப் போயிடும், மேடான எடமா பாத்து நல்ல ஆழமா குழி எடுத்து சுண்ணாம்பு தூவி மூடுங்க.