புண்ணுக்குப் புனுகு பூசும் நகர்மன்றத் தீர்மானங்கள்

"மேற்கூரையில் பூச்சு உதிர்ந்துள்ளதால், மறுபூச்சு செய்து வெள்ளையடிக்க மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது." சிறு நகரங்களின் மன்றக் கூட்டங்களில் இந்த ஒரு வரி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நூலகம், சந்தைக் கட்டடம், பேருந்து நிலையம், மருந்தகம் என்று கட்டடத்தின் பெயர்தான் மாறும். வரி மாறாது. ஒரு நிமிடத்தில் "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். கூடவே இணைத்திருக்கும் படத்தில் துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரிகிறது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை. இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்த வரியிலேயே தவறு இருக்கிறது. உதிர்ந்தது பூச்சு இல்லை. கம்பியைக் காக்க வேண்டிய கான்கிரீட் உதிர்ந்திருக்கிறது. பூச்சு மட்டும் விழுந்தால் மேலே சொரசொரப்பான சாம்பல் நிறக் கான்கிரீட் முழுதாக இருக்கும். கம்பி தெரிந்தாலோ, கம்பி போகும் திசையில் பழுப்புக் கறையோடு நேர்க்கோட்டு விரிசல் ஓடினாலோ அது பூச்சு வேலை அல்ல, கட்டமைப்புப் பழுது. இரண்டுக்கும் எஸ்டிமேட் வேறு, ஆள் வேறு, செலவு வேறு.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது? புதுக் கான்கிரீட்டின் கார அளவு, அதாவது பி.எச்., 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பிமேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே ஊறி அந்த அளவை 9-க்குக் கீழே இறக்கிவிட்டால் படலம் போய்விடும். கடற்கரை ஊர்களிலும், உவர்நீரில் கான்கிரீட் கலக்கிய கட்டடங்களிலும் உப்பு அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். மாடித் தண்ணீர் கசிந்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழே இருக்கும் 15, 20 மி.மீ. கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தரையில் கிடக்கும் சில்லைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் கம்பியின் முறுக்கு அச்சு அப்படியே பதிந்திருக்கும், அந்த அச்சில் துரு ஒட்டியிருக்கும். அந்தச் சில்லைப் பையில் போட்டு மன்றக் கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம். எந்த அறிக்கையையும்விட அது தெளிவாகப் பேசும்.

இப்போது அந்தக் கம்பிக்கு வருவோம். 10 மி.மீ. கம்பி சுற்றிலும் 1 மி.மீ. துருவில் போனால் மிஞ்சுவது 8 மி.மீ. "இரண்டு மில்லிமீட்டர்தானே" என்கிறார்கள். கம்பியின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. 10 மி.மீ. கம்பியின் பரப்பு 78.5 சதுர மி.மீ.; 8 மி.மீ. கம்பிக்கு 50.3. நூற்றுக்கு 36 பங்கு இரும்பு காணாமல் போயிருக்கிறது. கூரையின் சுமையை இழுத்துப் பிடித்திருப்பது அடிப்பக்கக் கம்பிதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகு அதன்மேல் சாந்து பூசி, வெள்ளையடித்து, "சரிசெய்யப்பட்டது" என்று கோப்பை மூடுகிறார்கள். புண்ணுக்குப் புனுகு பூசுவது என்று பெரியவர்கள் இதைத்தான் சொன்னார்கள். சாந்துக்கு இழுவிசை தாங்கத் தெரியாது. தொலைந்த இரும்பை அது திருப்பித் தராது. உள்ளே துரு அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. 12 மி.மீ. பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கூடத்தில் இரண்டரை டன் புதுச் சுமையை, ஏற்கெனவே இரும்பு குறைந்த கூரையில் தொங்கவிடுகிறார்கள். அது ஒட்டியிருப்பது இற்றுப்போன கான்கிரீட்டில். அடுத்த மழைக்காலத்தில் பழையதையும் சேர்த்துக்கொண்டு தகடாகக் கழன்று கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, எச்சரிக்கை மறைந்துபோவது. விரிசலும் கறையும்தான் அந்தக் கட்டடம் பேசும் மொழி. தயவுசெய்து அதன் வாயை அடைக்காதீர்கள்.

சன்ஷேடும் பால்கனியும் இதைவிட மோசம். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் சுமை தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே, சுவரை ஒட்டிய இடத்தில் விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். விழும்போது முன்னறிவிப்பே இல்லாமல் மொத்தமாக விழும். ஏணி வைத்து ஏறிப் பார்க்காத ஆய்வு ஆய்வே அல்ல.

"நாற்பது வருஷமா நிக்குது, இனியா விழப்போகுது?" அதிகம் கேட்கும் வாதம் இதுதான். அமெரிக்காவின் புளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற சிறு நகரில் 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு இருந்தது. 2018 அக்டோபரில் ஒரு பொறியாளரின் அறிக்கை, நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு செயலிழந்து கீழுள்ள கான்கிரீட்டுக்குப் பெரும் சேதம் நேர்ந்திருக்கிறது என்றது. அடுத்த மாதமே குடியிருப்போர் கூட்டத்தில், நகரின் கட்டட அதிகாரி கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொன்னதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. பிறகு செலவைப் பற்றிய பேச்சிலேயே ஆண்டுகள் போயின. 2021 ஜூன் 24 அதிகாலையில் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்துக்கு வயது நாற்பது. கையில் அறிக்கை வந்தும் கரைந்துபோன அந்த இரண்டரை ஆண்டுகளைத்தான் ஒவ்வொரு நகர்மன்றமும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, வேலையை எப்படி வாங்குவது? "கூரைப் பழுது, மொத்தத் தொகை" என்று டெண்டர் விட்டால் குறைந்த விலை போடுபவர் பூசித்தான் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது அதைத்தான். முதலில் ஆய்வை மட்டும் தனியாக வாங்குங்கள். ஆய்வு செய்பவர் பழுதுவேலை டெண்டரில் கலந்துகொள்ளக் கூடாது என்று நிபந்தனையிலேயே எழுதுங்கள். ஆய்வில் முதல் வேலை சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல இடம் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடம் மந்தமாகப் பொக்கென்று கேட்கும். மந்தமான இடங்களையெல்லாம் தரைப்படத்தில் குறித்துப் பரப்பைக் கணக்கிட வேண்டும். பிறகு சில இடங்களில் உடைத்துக் கம்பியின் மிச்ச விட்டத்தை அளக்க வேண்டும், பினாப்தலீன் என்ற நிறம்காட்டும் கரைசலைத் தெளித்து எவ்வளவு ஆழம்வரை கான்கிரீட் காரத்தை இழந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. வலு தெரியக் கான்கிரீட்டிலிருந்து உருளை வடிவ மாதிரித் துண்டுகளை வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும், குறைந்தது மூன்று. உப்பின் அளவையும் கேளுங்கள்.

ரீபவுண்ட் ஹேமர், அதாவது கான்கிரீட்டின் மேல்பரப்பில் அடித்து எவ்வளவு துள்ளுகிறது என்று அளக்கும் கருவி, அதன் சோதனை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "கான்கிரீட் வலுவாக உள்ளது" என்று சான்று தருபவர்களை நம்பாதீர்கள். காரம் போன பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிவிடும், கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். துறைக்குள் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்தும் அந்தச் சான்றுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பழுதுவேலை டெண்டரில் முட்டுக் கொடுப்பது தனி இனம், சிதைந்த கான்கிரீட்டை உடைப்பது சதுர மீட்டரில், புதுக் கம்பி கிலோவில், மறுசீரமைப்புச் சாந்து ஆழத்தைப் பொறுத்துத் தனித்தனி விலையில் இருக்கட்டும். உடைக்கும்போது கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தக் கூடாது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, ஏறத்தாழ 20 மி.மீ., போக வேண்டும். நீளவாக்கில் துரு முடிந்து பளிச்சென்ற இரும்பு வந்த பிறகும் 5 செ.மீ. தாண்ட வேண்டும். துருவை மணல் பீய்ச்சியோ கம்பி பிரஷ் இயந்திரத்தாலோ எடுத்து, விட்டம் குறைந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, காப்புப் பூச்சு அடித்து, அதன்பிறகுதான் பாலிமர் (பிசின்) கலந்த சாந்தோ நுண்ஜல்லி போட்ட மைக்ரோ கான்கிரீட்டோ. உப்பேறிய தளத்தில் அங்கங்கே ஒட்டுப்போட்டால் ஒட்டின் ஓரத்தில் இருக்கும் பழைய கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அங்கே கூரையையே மாற்றுவது மலிவாகலாம். மேலே நீர்த்தடுப்பைச் சரிசெய்யாமல் கீழே தொடவே தொடாதீர்கள். கம்பியை மூடுவதற்கு முன் பொறியாளர் நேரில் பார்த்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். மூடிய பிறகு அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்தது, ஆபத்தான கட்டடம் என்று அறிவிப்பது. சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டு உள்ளே கடைகளை நடக்கவிடுவது அறிவிப்பு ஆகாது. வங்கதேசத்தின் சாவரில் ரானா பிளாசா என்ற பல மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் கண்டு ஆட்களை வெளியேற்றினார்கள். கீழ்த்தளத்து வங்கி மறுநாள் திறக்கவில்லை. தையற்கூடத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலி செய்துவிட்டால் மட்டும் போதும் என்பதும் இல்லை. பிரான்சின் மார்சேயில் 2018 நவம்பர் 5 அன்று பூட்டிக்கிடந்த ஒரு வீடும் ஆட்கள் குடியிருந்த அதன் பக்கத்து வீடும் சேர்ந்து சரிந்து 8 பேர் இறந்தார்கள். பொதுச்சுவர் உள்ள இடத்தில் ஒரு கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுத்தால் இரண்டு பக்கத்துக் கட்டடத்தையும் அன்றே பாருங்கள். தடுப்பு வேலியைக் கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளிப் போடுங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றையும் துண்டியுங்கள்.

உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள் சில: தூணில் மேலும் கீழுமாகப் பிளவு; பீமில் தூணை ஒட்டிச் சாய்வாக ஏறும் விரிசல்; நேற்றுவரை சாத்திய கதவு இன்று திடீரென்று இறுகுவது; மேலிருந்து மணல் கொட்டுவது, வெடிக்கும் சத்தம். இவற்றுக்குக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழை விரிசலுக்கு யாரும் பதற வேண்டியதில்லை. சந்தேகமான விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வாராவாரம் பாருங்கள், கோட்டைத் தாண்டுகிறதா என்று.

மாடியில் பழைய கோப்புகளை அடுக்காதீர்கள். 2 மீட்டர் உயரம் நெருக்கி அடுக்கிய காகிதம் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டும். அலுவலகத் தளம் அதில் பாதியைக்கூடத் தாங்க வடிவமைத்தது அல்ல. மொட்டை மாடி வடிகுழாயில் இலை அடைத்து 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. அதைக் கூட்டித் தள்ள ஒரு துடைப்பம் போதும், அதற்குக்கூட ஆள் அனுப்புவதில்லை.

பழுதுவேலை தொடங்கும்வரை முட்டுக் கொடுத்தால், அந்த முட்டு தரைவரை இறங்க வேண்டும். முதல் மாடிக் கூரைக்கு முதல் மாடித் தளத்தில் மட்டும் முட்டு வைத்தால் சுமை கீழ்த்தளத்துக் கூரைமேல் போய் உட்காரும். அடியில் பலகை போடுங்கள். ஜாக்கியைக் கூரையைத் தொட்டு இறுகும் அளவோடு நிறுத்துங்கள். மேலும் திருகினால் கூரை மேல்நோக்கி வளைந்து மேல்பக்கம் வெடிக்கும். முட்டு நிற்கும் அறையில் வகுப்போ கூட்டமோ வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு வரி மறுபடி வரும். தட்டிப் பார்த்துக் குறித்த வரைபடத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால் பூச்சு வேலையை நிறுத்தி வைத்து, அந்த அறையின் சாவியை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.