"ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்களா சார்?"

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். திருட்டு வழக்கில் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வந்த ஓர் அம்மாவும் கேட்டார். "தப்பு பண்ணலேன்னா எதுக்கு வாயைத் திறக்காம இருக்கணும்னு பக்கத்து வீட்டுக்காரரே கேக்கறார் சார்."

நியாயமாகத் தோன்றும் கேள்வி. இதற்கு 1651-லேயே பதில் எழுதியவர் ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். ஆள்பவனுக்கு ஏறக்குறைய எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்கச் சொன்ன அதே ஹாப்ஸ்தான். தன் உயிரைக் காத்துக்கொள்ளத்தான் மனிதன் அரசுக்கே கட்டுப்படுகிறான். அப்படியிருக்க, மன்னிப்புக்கு உறுதியில்லாமல் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதாக அவன் ஒப்பந்தமே போட்டாலும் அது செல்லாது என்றார். வதைத்து வாங்கியதைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் இத்தாலியில் மிலான் நகரத்து செசாரே பெக்காரியா. சட்டம் படித்தவர், வயது 26. குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய அவருடைய சிறிய புத்தகம் 1764-இல் லிவோர்னோவில் பெயர் போடாமல் அச்சானது. கைதிகளின் நலனைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த அலெசாண்ட்ரோ வெர்ரி அவருடைய நண்பர். சிறைக்குள் நடப்பது அவர் மூலம் தெரிய வந்தது. பெக்காரியா போட்ட கணக்கு எளிது. குற்றம் நிச்சயமென்றால் வதைக்க வேண்டியதே இல்லை. நிச்சயமில்லை என்றால், நிரபராதியாக இருக்கக்கூடிய ஒருவனை வதைக்கிறோம். உடம்பில் வலுவுள்ள கயவன் தாங்கிக்கொண்டு தப்பிப்பான், நோஞ்சான் அப்பாவி மாட்டிக்கொள்வான். இதில் இன்னொரு கொடுமையையும் சொல்கிறார்: கயவன் தாங்கிவிட்டால் பெரிய தண்டனை போய்ச் சின்ன வலியோடு அவனுக்கு லாபம், அப்பாவி தாங்கினாலும் பட்ட வலி பட்டதுதான்.

அரசு, உரிமை என்றாலே பரீட்சைக்கு வருகிற சிந்தனையாளர்கள் லாக்கும் மான்டெஸ்கியூவும்தான். பெக்காரியா இரண்டு வரியில் போய்விடுவார். எனக்கென்னவோ, ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவனுக்கு இவர்தான் நெருங்கிய சொந்தம்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை கொடுத்தது. அதில் கிட்டி வருகிறது: கட்டைகளுக்கு நடுவே கைவிரல்களை வைத்து நெருக்குவது. வரி வசூலிக்கவும் இதுதான், குற்றத்தை ஒத்துக்கொள்ள வைக்கவும் இதுதான். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற விதி 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாக நிலைத்தது. இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 23-ஆம் பிரிவு. சொன்னதை வைத்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும்.

அந்த அம்மாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒத்துக்கொண்டால் விட மாட்டார்கள். பெயர், முகவரி கேட்டால் சரியாகச் சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவு விடாது. கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை 22-ஆம் பிரிவில் இருக்கின்றன. வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். ஒப்புதல் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டே பதிவு செய்வதானாலும், "சொல்ல வேண்டிய கட்டாயமில்லை" என்று முதலில் எச்சரித்தாக வேண்டும்.

மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது மாஜிஸ்திரேட் வழக்கம்போல, "அடித்தார்களா?" என்று கேட்டார். பையன் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லீங்கய்யா" என்றான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. முன்னால் நீட்டிக் காட்டச் சொல்லும்படி மாஜிஸ்திரேட்டைக் கேட்டுக்கொண்டேன். இடது கையில் மூன்று விரல்கள் வீங்கியிருந்தன.